ஸ்டார் சார்ட் மூன்று வாரத்தில் ஏன் சலித்துப்போகிறது?

தண்டையார்பேட்டைப் பள்ளி ஒன்றில் இந்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. ஏழாம் வகுப்பு, 44 பிள்ளைகள். அமைதியாக இருந்தாலும் வீட்டுப்பாடம் முடித்தாலும் சார்ட்டில் பெயருக்கு நேரே ஒரு ஸ்டார். பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு சாக்லேட். முதல் மூன்று வாரம் வகுப்பே மாறிப்போனது. நான்காவது வாரம் "இதைச் செய்தால் என்ன தருவீர்கள் மிஸ்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே நிற்க வைத்தால் சிரித்துக்கொண்டே போகிறார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் பிரம்பை எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பையன் மட்டும் பரிசுக்கும் அசையவில்லை, தண்டனைக்கும் அசையவில்லை. இனி என்ன செய்வது?

ராயபுரத்தில் தொடங்கிக் கொருக்குப்பேட்டையில் ஓய்வு பெறும்வரை 29 ஆண்டுகள் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். நீங்கள் சொல்வது ஒவ்வொன்றையும் நானும் செய்து பார்த்திருக்கிறேன், பிரம்பு உட்பட. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் ஸ்டார் சார்ட் தோற்கவில்லை. அதன் வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது, அதை நீங்கள் கழற்றவில்லை. பரிசு என்பது மோட்டார் வண்டியின் உதைபோல. வண்டி கிளம்பிய பிறகும் உதைத்துக்கொண்டே இருக்க முடியாது. பிள்ளைகள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டும் என்றால் பரிசு உதவும். மணி அடித்த இரண்டு நிமிடத்துக்குள் நோட்டைத் திறந்து தேதி எழுதுவது, பேசுவதற்கு முன் கையைத் தூக்குவது போன்ற சின்னப் பழக்கங்களுக்கு அது நல்ல தொடக்கம். பழக்கம் வந்ததும் தினமும் கொடுத்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை, அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் எப்போதாவது. இந்தக் குறைத்தலைத்தான் யாரும் பயிற்சி வகுப்புகளில் அழுத்திச் சொல்வதில்லை.

ஏற்கெனவே ஆசையாகச் செய்யும் ஒன்றுக்குப் பரிசு அறிவிப்பது இதைவிட மோசம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் மழலையர் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை நடத்தினார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் கலர் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்ற இரு பிரிவினரைவிடப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவே இல்லை. ஆக, கெடுத்தது சான்றிதழ் இல்லை. முன்னாலேயே பேசிய பேரம்தான் கெடுத்தது.

இதைப் படிக்கும் முன்பே நான் அனுபவித்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மதியம் சாப்பிட்டதும் நேராகப் புத்தக அலமாரிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, பாவாடையால் முழங்காலை மூடிக்கொண்டு படிப்பாள். மணி அடித்தால் விரலைப் பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டு எழுவாள். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டுமே என்று ஒரு புத்தகத்துக்கு ஒரு ஸ்டார் என்று அறிவித்தேன். பத்து நாளில் அவள் அலமாரியின் முன் நின்று புத்தகங்களின் தடிமனைக் கட்டை விரலால் அளந்து, மெல்லியதாக எடுக்க ஆரம்பித்தாள். ஸ்டாரில் அவள்தான் முதலிடம். ஆனால் விரல் வைத்து மூடுவது நின்றுபோனது. சார்ட்டைக் கிழித்தபிறகும் பழைய ஆசை திரும்பி வர அந்த ஆண்டு முடியும்வரை ஆனது.

"என்ன தருவீர்கள் மிஸ்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அதிகாரமாகவோ வருத்தமாகவோ சொல்ல வேண்டாம். "இது இப்போது நம் வகுப்பின் வழக்கம் ஆகிவிட்டது, இதற்கு இனி ஸ்டார் இல்லை, புதிதாக ஒன்று பழகலாம், அதற்கு வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். உங்கள் முகம் மாறாமல் இருந்தால் அடங்கிவிடும்.

சாக்லேட்டை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் சம்பளத்தில் அதற்கு இடம் இருக்காது என்பது ஒரு காரணம். பிள்ளைகள் சாக்லேட்டைத்தான் நினைவில் வைப்பார்கள், எதற்குக் கிடைத்தது என்பதை அல்ல என்பது பெரிய காரணம். வாங்க முடியாத பரிசுகள் பள்ளியிலேயே நிறைய இருக்கின்றன. மணி அடிக்கும் வேலை, வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்கு எடுத்துப்போகும் வேலை, பாடம் முடிந்த பின் கடைசிப் பத்து நிமிடம் விடுகதை. வடசென்னையில் இருந்துகொண்டு கேரம் போர்டை மறக்கலாமா? 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். உங்கள் பள்ளியிலிருந்து நடக்கும் தூரம். அவர் பெயரைச் சொன்னால் உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் மலரும். ஒரு போர்டும் ஒரு செட் காயும் இரண்டு ஆண்டுகள் உழைக்கும்.

"கணக்கை முடித்துவிட்டு வா, பிறகு ஒரு ஆட்டம்" என்பதில் பரிசுக்கு உரிய நாற்றம் இல்லை. "பொரியலைத் தின்றுவிட்டு வடையைத் தின்னு" என்று பாட்டிகள் சொல்லும் அதே வரிசைதான். உளவியலில் பிரிமேக் என்பவர் இதையே ஒரு விதியாகச் சொன்னபோது அதற்குப் பாட்டி விதி என்றே செல்லப் பெயர் வந்துவிட்டது. செய்யப் பிடித்ததைச் செய்யப் பிடிக்காததற்குப் பின்னால் வையுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வகுப்பிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆசிரியர் வெளியே போகும்போது லீடர் கரும்பலகையின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று எழுதி, கீழே பெயர்களை அடுக்கி, மறுபடி பேசினால் பெருக்கல் குறி போடுவது. நாம் எல்லோரும் அதில் பெயர் வந்தவர்கள்தான். தயவுசெய்து அதை ஒழித்துவிடுங்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் நடக்கும் வியாபாரத்தை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். லீடரின் பென்சில் டப்பாவில் பதினொரு ரப்பர் இருந்தது. பெயரை அழிக்க ஒரு ரப்பர், குறியை எடுக்க ஒரு தேன்மிட்டாய். கொடுக்க முடியாத பிள்ளையின் பெயர் மட்டும் நாள் தவறாமல் பலகையில் இருந்தது, நானும் நாள் தவறாமல் அவளைத் தண்டித்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளையின் கையில் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது என் தவறு. லீடரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்டனை முடிவு செய்யும் அதிகாரம் பெரியவர் கையைவிட்டுப் போகக் கூடாது.

இப்போது வகுப்பின் இரைச்சலுக்கு வருவோம். ஒரு நாள் உங்கள் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "உட்கார்", "பேசாதே", "திரும்பு" என்று எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று ஒரு பாடவேளைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது 53 வந்தது. 1968இல் மேட்சன், பெக்கர் குழுவினர் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். ஆசிரியைகள் "உட்கார்" என்று சொல்வதை அதிகமாக்க அதிகமாக்க, எழுந்து நிற்கும் பிள்ளைகள் கூடினார்கள். சொன்னவுடன் உட்கார்ந்துவிடுவதால் சொன்னது பலித்ததுபோல ஆசிரியைக்குத் தோன்றும். ஆனால் 'எழுந்தால் மிஸ் என்னைப் பார்ப்பார்' என்பதையே பிள்ளை கற்றுக்கொள்கிறது. உட்கார்ந்து வேலை செய்பவரைப் பாராட்ட ஆரம்பித்ததும் எழுவது குறைந்தது. 44 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியரின் பார்வைதான் எல்லாவற்றையும்விட அரிதான பொருள். அதைத் தொந்தரவு செய்பவனுக்கே நாள் முழுக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்டார் ஒட்டி என்ன பயன்?

பாராட்டும் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. "வெரி குட்" என்பது காற்றில் போய்விடும். "மூன்றாவது கணக்கில் தப்பு வந்ததும் நீயே அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாய், பார்த்தேன்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை நாலு நாளைக்கு அதை வைத்துக்கொண்டு திரியும். ஏழாம் வகுப்புப் பையன்கள் எல்லோர் முன்னாலும் புகழப்படுவதற்குக் கூசுவார்கள். அவர்களுக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

கண்டிப்பதற்கும் இதே விதி. 1970இல் ஓலியரி குழுவினர் செய்த ஆய்வில், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதட்டியதைவிட அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னபோது தொந்தரவு குறைந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. உரக்க அதட்டினால் 43 பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் முன் பணிந்துபோவது பதின்மூன்று வயதில் உயிர் போகும் விஷயம். எதிர்த்துப் பேசினால் மானம் தப்பும். அதனால் எதிர்த்துப் பேசுவான். பக்கத்தில் போய், குனிந்து, மேசையில் விரலை வைத்து, "மூன்றாவது வரியிலிருந்து எழுது" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள். நின்று பார்க்காதீர்கள். நீங்கள் போனபிறகுதான் அவன் பேனாவை எடுப்பான்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடவேளைக்கு ஒரு விளையாட்டு சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், 24 பிள்ளைகள் இருந்த நான்காம் வகுப்பு ஒன்றில் முதன்முதலில் பதிவான முறை இது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் ஐந்து கோட்டைத் தாண்டாவிட்டால் இரண்டுக்குமே வெற்றி. சாப்பாட்டு வரிசையில் முதலில் போவது, கடைசி அரை மணி விருப்பம்போல இருப்பது போன்றவையே பரிசு. இன்றைக்கும் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நான் 46 பேர் வகுப்பில் நான்கு அணியாக வைத்தேன். ஸ்டிரைக்கர், ரெட், கடல், புயல் என்று பெயரைப் பிள்ளைகளே வைத்தார்கள். முதல் வாரம் பதினைந்து நிமிடம் மட்டும். நாள் முழுக்க நடத்தினால் ஆசிரியைக்குக் கோடு போடுவதே வேலை ஆகிவிடும். அணிக்கு அணி போட்டி வேண்டாம் என்று ஐந்துக்குள் முடித்த எல்லா அணிக்கும் வெள்ளிக்கிழமை கடைசிப் பதினைந்து நிமிடம் கேரம், தாயம், விடுகதை என்று விட்டேன். இதில் உயிர்நாடி ஒன்று உண்டு. கோடு போடும்போது வாயைத் திறக்கக் கூடாது. திட்டு கிடையாது, பெயர் கிடையாது. போய்ப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர வேண்டும். முதல் நாள் எல்லாம் என் தொண்டை துடித்தது. இரண்டாவது வாரம் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே அமைதி ஆனது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு பிள்ளையால் அணி தோற்றால் இன்டர்வெலில் அந்தப் பிள்ளையைச் சூழ்ந்துகொள்வார்கள். முதல் முறை அது நடந்த அன்றே அந்தப் பிள்ளையைத் தனி அணி ஆக்கிவிடுங்கள். தன் கோடு தன்னோடு. முன்பு வாங்கியதைவிட இரண்டு கோடு குறைந்தாலே வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். அணியின் கோபத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை அடக்கப் பார்ப்பது பிரம்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதேதான்.

பிரம்பு என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சக ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் அடி வாங்கிப் படித்தவர்கள், இன்று வேலையில் இருப்பதற்கு அந்த அடிதான் காரணம் என்று நம்புகிறார்கள். பெற்றோர்களே வந்து "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உரித்துவிடுங்கள் டீச்சர்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஆனால் தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதியைத் திருத்தி 2003இலேயே உடல் தண்டனையை நம் மாநிலம் தடை செய்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மன வேதனை தருவதையும் சேர்த்துத் தடுக்கிறது. முட்டி போட வைப்பது, பெஞ்சின் மேல் ஏற்றுவது, வகுப்பு முன் அப்பாவின் தொழிலைச் சொல்லித் திட்டுவது எல்லாம் அதற்குள் வரும். பெற்றோர் கொடுக்கும் அனுமதி சட்டத்தின் முன் செல்லாது. சட்டத்தை விடுங்கள். நான் அடித்த ஆண்டுகளில் அடி வாங்கிய அதே ஆறு பேர்தான் ஜூனிலும் வாங்கினார்கள், மார்ச்சிலும் வாங்கினார்கள். மருந்து வேலை செய்திருந்தால் நோயாளி மாறியிருக்க வேண்டாமா?

தவறுக்கு விளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அது சின்னதாக, உடனே, தவறாமல் வர வேண்டும். பிள்ளைகளுக்குத் தண்டனையின் கனத்தைவிட அதன் நிச்சயம்தான் உறைக்கும். திங்கள் விட்டுவிட்டு, செவ்வாய் விட்டுவிட்டு, புதன் உங்களுக்குத் தலைவலி வந்த அன்று வெடித்தால் அவர்கள் கற்பது பாடம் இல்லை, உங்கள் முகத்தைப் படிப்பதைத்தான். மேசையில் கிறுக்கியவன் மதிய இடைவேளையில் அந்த மேசையைத் துடைக்கிறான். பாடவேளையில் எழுதாமல் விட்டதை அன்றே எழுதிக் காட்டிவிட்டு விளையாடப் போகிறான். எடுத்து எறிந்த நோட்டை எடுத்து வந்து அட்டையை ஒட்டித் தருகிறான். செய்ததற்கும் விளைவுக்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் கயிறு ஒன்று இருக்க வேண்டும். வெளியே நிற்க வைப்பதில் அந்தக் கயிறு இல்லை. கணக்குப் பிடிக்காதவனைக் கணக்குப் பாடவேளையில் வெளியே அனுப்பினால் சிரித்துக்கொண்டு போகாமல் என்ன செய்வான்?

தொடவே கூடாதவை சில உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கை காலை வீசி ஓட அந்த நாற்பது நிமிடம்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் அடுத்த பாடவேளையில் உங்கள் தலையில்தான் விடியும். சத்துணவு முட்டையை, சாப்பாட்டு நேரத்தை எதற்கும் பிணையாக வைக்காதீர்கள். இம்போசிஷன் கொடுக்காதீர்கள், எழுதுவதைத் தண்டனை ஆக்கிவிட்டுப் பிறகு கட்டுரை எழுது என்றால் எந்தக் கை எழுதும்?

கூட்டுவதையும் கழுவுவதையும் ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தன் அழுக்கைத் தான் துடைப்பது வேறு. தவறு செய்தவன் வகுப்பைக் கூட்டட்டும் என்பது வேறு. உங்கள் வகுப்பில் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். விடியற்காலையில் அம்மா செய்யும் வேலை பள்ளியில் அவமானத்தின் பெயராக வழங்குவதை அவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுத்தம் செய்ய வேண்டும் என்றால் முறை வைத்து எல்லோரும் செய்யட்டும், நீங்களும் ஒரு துடைப்பத்தை எடுங்கள்.

தண்டனைக்கு முன்னால் காரணம் கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் காசிமேட்டுப் பையன் ஒருவன். தினமும் ஒன்பது இருபத்தைந்துக்கு வருவான். முதல் பாடவேளை கணக்கு. தாமதம் என்றால் அந்தப் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது என் விதி. அவன் வாதாடவே மாட்டான். பையைத் தோளிலிருந்து இறக்காமல் தூணில் சாய்ந்து நிற்பான். முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருக்கும், சாயும்போது வெயில் பட்டு மின்னும். மூன்று வாரம் அதைப் பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலாண்டுத் தேர்வுத் தாள் வந்தது. வடிவியல் கணக்குகள் அத்தனையும் சரி. கோடு ஸ்கேல் வைத்துத் துல்லியமாகப் போட்டிருந்தான். பின்னக் கணக்குகளின் பக்கம் வெறுமையாக இருந்தது. கேள்வி எண்ணை மட்டும் எழுதி, கீழே இடம் விட்டு, அடுத்த எண். வடிவியலை நான் மதியம் நடத்தினேன். பின்னத்தைக் காலை முதல் பாடவேளையில் நடத்தினேன். அந்த வெற்றுப் பக்கத்தை நான்தான் எழுதியிருந்தேன்.

அன்று மாலை அவன் அம்மாவைத் தேடி வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். அன்னக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்தார். துறைமுகத்தில் விடியுமுன்பே ஏலம். எடுத்த மீனுக்கு ஐஸ் போட்டுக் கூடையை வண்டியில் ஏற்றி, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு ஓடி வருகிறான் பையன். "தூக்கிவிட ஆள் இல்லை டீச்சர். அவன் லேட்டாக வந்தால் நிற்க வைக்கிறீர்கள் என்று சொன்னான். பரவாயில்லை, நான் நிற்கிறேன் என்றும் சொன்னான்" என்றார். அவர் குரலில் குறை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

விதியை நான் அவனுக்காக ரத்து செய்யவில்லை. மாற்றினேன், எல்லோருக்கும். தாமதமாக வருபவர் சத்தமில்லாமல் பின்பக்கக் கதவால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். தவறவிட்ட பாடத்தை மதியம் பதினைந்து நிமிடம் என்னோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும். விளைவு இருக்கிறது, பாடமும் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் மகன் பள்ளி நாட்களில் கூடை தூக்க ஒப்புக்கொண்டார். அரையாண்டுக்குள் அவன் ஒன்பது ஐந்துக்கு வந்துவிட்டான், பின்னமும் வந்துவிட்டது.

அதனால்தான் விதிகள் எழுதும்போது ஊரைப் பார்த்து எழுதுங்கள் என்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் வாரத்தில் கடலோர வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த வாரம் சார்ட் அட்டை, கலர் பென்சில் கொண்டுவரவில்லை என்று பெயர் எழுதினால் நீங்கள் தண்டிப்பது வறுமையை. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் வெறும் டீயோடு வருபவர்கள் இருப்பார்கள். பதினொரு மணிக்கு எரிச்சலோடு அடித்துக்கொள்ளும் இருவரை விசாரிக்கும்போது காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். நவம்பரில் மழை விடுமுறை விட்டுத் திறக்கும்போது, வீட்டுக்குள் தண்ணீர் வந்து பாயும் பையும் நனைந்தவர்கள் வருவார்கள். அன்று விதிகளை ஜூன் முதல் நாள்போல மறுபடி மெதுவாகத் தொடங்க வேண்டும். பழகியதெல்லாம் போய்விட்டதே என்று கோபப்பட வேண்டாம், இரண்டே நாளில் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வகுப்புக்கு மூன்று விதி போதும். பிள்ளைகளோடு பேசி எழுதுங்கள். தொந்தரவைக் கவனிக்காமல் விட ஆரம்பித்தால் முதல் சில நாள் அது கூடும். பழைய கவனம் ஏன் வரவில்லை என்று இன்னும் உரக்கத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் முறை பலிக்கவில்லை என்று கைவிடுகிறார்கள். அடிதடி, கிண்டல் போன்றவற்றை மட்டும் கவனிக்காமல் விடவே கூடாது. உடனே நிறுத்த வேண்டும்.

கடைசியாக, எதற்கும் அசையாத அந்த ஒருவன். அவனைத்தான் நீங்கள் கேள்வியின் ஓரத்தில் வைத்தீர்கள், எனக்கு அவன்தான் முதலில் தெரிகிறான். பரிசு வேண்டும் என்றால் கொடுப்பவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும். தண்டனை உறைக்க வேண்டும் என்றால் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பிள்ளைக்கு உங்கள் சார்ட் வெறும் காகிதம். அவனோடு பத்துப் பள்ளி நாள், நாளுக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள். படிப்பு வேண்டாம், நடத்தை வேண்டாம், அறிவுரை அறவே வேண்டாம். வீட்டில் நாய் இருக்கிறதா, எந்த கிரவுண்டில் ஃபுட்பால் ஆடுகிறான், அண்ணன் பாக்சிங் போகிறானா. முதல் நான்கு நாள் "ம்" என்பதற்கு மேல் வராது. வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

அவன் உடம்பில் காயமோ, பயந்து ஒடுங்கும் பழக்கமோ தெரிந்தால் காத்திருக்காமல் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. இரண்டையும் வகுப்புக் கதவின் உள்பக்கம் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பத்து நாள் கழித்து அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். பரிசாகக் கொடுக்காதீர்கள், உங்களுக்குத் தேவை என்று கேளுங்கள். நான் என் வகுப்பில் அப்படி ஒருவனிடம் கேரம் போர்டைக் கொடுத்தேன், பவுடர் டப்பாவோடு. காய்களை எண்ணி வாங்கி, எண்ணிப் பையில் போடுவது அவன் பொறுப்பு. முதல் வெள்ளிக்கிழமை பத்தொன்பதில் ஒரு கறுப்புக் காய் குறைந்தது. எல்லோரும் போனபிறகும் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தான். சட்டை முன்பக்கம் முழுக்கப் புழுதி. எடுத்ததும் என்னிடம் கொண்டுவரவில்லை. பையில் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டி, அலமாரியில் வைத்துவிட்டு, "பத்தொன்பது இருக்கிறது மிஸ்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடினான். ஆண்டு முழுக்க அவன் எனக்குத் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.